அண்ணியின் பின்பக்கமும் டாக்டரின் சோபாவும்

இதை நான் தமிழில் எழுதுவதற்கு ஒரே காரணம், என் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. மொழிப்பற்று என்று நினைத்துக்கொண்டு யாரும் மாலையோடு வர வேண்டாம். சின்ன வயதில் கோயில் பள்ளிக்கூடத்தில் பிரம்படிக்குப் பயந்து கற்றுக்கொண்ட எழுத்து, இத்தனை வருஷம் கழித்து இப்படி ஒரு உபயோகத்துக்கு வந்திருக்கிறது. இங்கிலீஷில் எழுதினால் மகள் சிட்னியிலிருந்து போன் போட்டு, செத்துப்போன அத்தையின் பின்பக்கத்தைப் பற்றியா எழுதுகிறாய், வெட்கமாக இல்லையா என்று கேட்பாள்.

வெட்கமாக இல்லை. வேலை பார்த்த காலமெல்லாம் நான் ஃபிஜியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். ஆபரேஷன் என்றால் ஜனங்களுக்குக் கத்தி பிடிக்கிற டாக்டர்தான் ஞாபகத்துக்கு வருவார். அவர் வெட்டுவார், தைப்பார், பிறகு டீ குடிக்கப் போவார். வெட்டப்படுகிற ஆள் எப்படிப் படுத்திருக்கிறார் என்று பார்ப்பது என் பொறுப்பு. தூங்குகிற மனிதன் தனக்குத் தெரியாமலே புரண்டுகொள்வான். மயக்க மருந்து கொடுத்த மனிதன் புரள மாட்டான். மணிக்கணக்கில் எலும்பு தோலை அழுத்தும், தோலை மேஜை அழுத்தும், நடுவில் ரத்தம் ஓடாது. வால் எலும்பு இருக்கிற இடம், குதிகால், தலையின் பின்புறம், முழங்கை, இங்கெல்லாம் சதை உள்ளுக்குள்ளேயே செத்துப்போகும். அன்றைக்குப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டொரு நாள் போனபிறகு தோல் கறுத்து, அப்புறம் திறந்துகொள்ளும். புற்றுநோய்க்காரர்களுக்கு இது இன்னும் சுலபமாக வரும். அவர்கள் உடம்பில் சதையும் இருக்காது, ரத்தமும் இருக்காது, ஆபரேஷன் மட்டும் நீளமாக இருக்கும்.

பக்கத்து ஊர் வரதோலியிலிருந்து ஒரு கரும்பு லாரி டிரைவர் வந்தார். வயிற்றுக் கட்டியை டாக்டர் அழகாக எடுத்தார், எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டோம். அந்த வாரமே அவர் வால் எலும்பின் மேல் ஊதா நிறத்தில் ஒரு திட்டு வந்தது. பிறகு அது ஒரு குழியானது. மிச்ச வைத்தியத்துக்கு நியூசிலாந்து போக வேண்டியவரை, புண் ஆறட்டும், அப்புறம் மருந்து ஏற்றலாம் என்று அங்கிருந்து சொல்லிவிட்டார்கள். புண் ஆறவில்லை. கட்டியிடம் தப்பித்த மனிதர் ஒரு மெத்தையிடம் மாட்டிக்கொண்டு செத்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்த மெத்தையைத் தூக்கிக் கடலில் போட்டிருப்பேன், ஆனால் அடுத்த நோயாளி வெளியே காத்திருந்தார்.

மெத்தை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். எங்கள் தியேட்டர் மேஜையில் கிடந்தது ரொட்டி கனத்தில் இருந்தது. வேறு வேண்டும் என்று நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். கேட்ட நேரம் பாராளுமன்றத்தையே துப்பாக்கி வைத்துப் பிடித்து வைத்திருந்த வருஷம். ஆட்சிக் கவிழ்ப்பு என்று தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் எழுதும். நாங்கள் எல்லா மொழியிலும் 'கூ' என்போம். எங்களுக்கு அது முதல் கூவும் இல்லை, கடைசியும் இல்லை. மந்திரியே எங்கே இருக்கிறார் என்று தெரியாதபோது மெத்தையை யாரிடம் கேட்பது? ஆஸ்பத்திரியில் சாமான் வாங்கிக்கொடுக்கிற அதிகாரி கனடா போய்விட்டார். அவருக்குப் பதிலாக வந்தவர் வந்த சுருக்கில் ஆஸ்திரேலியா போய்விட்டார்.

கூவுக்குப் பயந்து எங்கள் இந்திய ஜனங்கள் எல்லோரும் போனார்கள். வாத்தியார், கணக்கர், மருந்துக்கடைக்காரர், பல் பிடுங்குகிறவர், கல்யாணத்துக்குச் சமைக்கிறவர். எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரு வீட்டு வாசலில் சாமான் பரப்பி விற்றுக்கொண்டிருப்பார்கள். மிக்ஸியும் தையல் மெஷினும் ஒரு மணி நேரத்தில் போய்விடும். சோபா மட்டும் சாயங்காலம் வரை வெயிலில் கிடக்கும். அங்கேதான் என் மூளை வேலை செய்தது. போகிறவர்களின் சோபாவைப் பிரித்தால் உள்ளே நல்ல கெட்டி ஸ்பாஞ்சு இருக்கிறது.

அந்த நாளிலிருந்து நான் சோபா வேட்டைக்காரியானேன். விற்பனைக்கு வைத்திருக்கிற வீட்டுக்குள் நுழைந்து, ஒவ்வொரு குஷனிலும் என் முஷ்டியை வைத்து முழு பலத்தோடு அமுக்குவேன். முஷ்டி அடிப்பலகையைத் தொட்டுவிட்டால் அது ஆகாது. தொடாமல் நின்றால் கூடத்தில் நிற்கிறவர்களைத் தள்ளிக்கொண்டு தூக்கிவிடுவேன். நான் பங்களா கட்டுகிறேன் என்று எங்கள் நமாகா பஜார் முழுக்கப் பேச்சு. நர்ஸ் சம்பளத்தில் எவள் பங்களா கட்டியிருக்கிறாள்?

என் வீட்டுக்காரர் விமான நிலையத்து டாக்ஸிகளுக்கு சீட் தைக்கிறவர். ஸ்பாஞ்சுக்கு ரெக்ஸின் உறை போட்டுத் தாருங்கள், ரத்தம் பட்டால் துடைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். மனிதர் உயிரைக் கொடுத்துத் தைத்துவந்தார். நடுவில் பளபளவென்று பித்தளைப் பொத்தான்கள். ஓரமெல்லாம் விரல் தடிமனுக்கு வெள்ளைப் பைப்பிங். டாக்ஸிக்குப் போட்டால் நாடி டவுன் முழுக்கப் பேர் வந்திருக்கும்.

"இதுல ஒருத்தரைப் படுக்க வச்சா முதுகுல பொத்தான் பொத்தானா புண்ணு வரும்" என்றேன்.

"பாக்கறதுக்கு லட்சணமா இருக்க வேணாமா?" என்றார்.

"படுத்திருக்கிறவருக்கு மயக்கம். யார் பாக்கப் போறா?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பிரித்துத் தைத்தார். மடிப்பில்லாமல், முடிச்சில்லாமல், தையலெல்லாம் அடிப்பக்கம் போகிற மாதிரி. கெண்டைக்காலுக்கு அடியில் வைக்க ஒன்று, அதை வைத்தால் குதிகால் அந்தரத்தில் நிற்கும். இடுப்புக்கு அகலமாக ஒன்று. தலைக்கு, முழங்கைகளுக்குச் சின்னச் சின்னதாக. இப்படி எங்கள் தியேட்டரில் நாட்டை விட்டுப் போனவர்களின் சோபா, போக முடியாதவர்களைத் தாங்க ஆரம்பித்தது.

அந்த நேரத்தில்தான் அண்ணிக்குக் கட்டி வந்தது.

அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. எங்கள் தீவிலேயே இருக்கிற பினாங்கில் கரும்புத் தோட்டம். புருஷன் போனபிறகு தனியாளாக நின்று பயிர் செய்தவள். நிலத்தின் குத்தகை முடிந்து, அதற்குச் சொந்தக்காரர்களான பூர்வீக ஃபிஜியர்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஒரே மகன் சிட்னியில் இருந்தான். அம்மாவுக்கு வீசாவும் குத்தியாகிவிட்டது. அதற்கப்புறம்தான் பெருங்குடலில் கட்டி என்று தெரிந்தது. வீசா கொடுத்தவர்களிடம் இதைச் சொல்ல வேண்டாமா என்ற கேள்வியை எங்கள் குடும்பத்தில் யாரும் யாரிடமும் கேட்கவில்லை. இங்கே கட்டியை எடுத்துவிட வேண்டும். புண் காய்ந்ததும் சிட்னி போய் மிச்ச மருந்தை ஏற்றிக்கொள்ள வேண்டும், அந்த மருந்து அன்றைக்கு எங்கள் நாட்டில் இல்லை. மகன் அங்கே டாக்டரிடம் நாள் வாங்கி வைத்திருந்தான். அதாவது, அண்ணி பிழைப்பதற்கு வயிறு ஆறினால் போதாது. பின்பக்கமும் முழுசாக இருக்க வேண்டும். வரதோலிக்காரரின் குழி என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அண்ணிக்கும் எனக்கும் ஆகாது. அவளுடைய தம்பி நர்ஸைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்தே ஆகாது. "ஊர்ல இருக்கிறவன் குண்டியெல்லாம் தொடற கை. அந்தக் கையால சாமிக்கு வெளக்கு ஏத்துவாளா?" என்று கல்யாணப் பேச்சு நடக்கிற இடத்திலேயே கேட்டவள். எங்கள் வீட்டுக்கு வந்தால் பினாங்கிலிருந்து சோறும் குழம்பும் தனிச் சட்டியில் வரும். டீத்தூள்கூடப் பொட்டலத்தில் வரும். நான் தம்ளரை நீட்டினால் மேஜையைக் காட்டி, "அங்க வை" என்பாள். வைத்தபிறகு எடுத்துக்கொள்வாள். எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகள் பெரிதாகும்வரை அவள் விரல் என் மேல் பட்டதில்லை. கூப்பிடுவது 'நர்சு' என்றுதான். முறை வைத்து ஒருநாளும் கூப்பிட்டதில்லை. நானும் சளைத்தவள் இல்லை. அவள் வருகிறாள் என்று தெரிந்தால் ராத்திரி டியூட்டி கேட்டு வாங்கிக்கொள்வேன்.

இப்போது ஆபரேஷனுக்கு முன்னால் எங்கள் வீட்டில் வந்து தங்கினாள். கரும்பைத் தோகை உரித்தது போல இருந்தாள், தோலும் கணுவும்தான். நான் என் வெறுப்பை ஓரமாக வைத்துவிட்டு, அவளை எப்படிக் கொஞ்சம் தேற்றுவது என்று பார்த்தேன். வீட்டில் இருக்கிறதிலேயே நல்ல கட்டிலைக் கொடுத்தேன். நான் அவள் தட்டைத் தொட வேண்டாம் என்று அவள் தம்பியையே முட்டை வேகவைக்கச் சொன்னேன், மீன் குழம்பு வைக்கச் சொன்னேன். தட்டு காலியாக வரும். முதுகை ஒருதரம் காட்டுங்கள் என்று கேட்டபோது மட்டும், "ஒன் கை வேணாம்" என்று சொல்லிவிட்டாள். சரி, சாப்பிடுகிறாளே என்று விட்டேன்.

அந்த முட்டையெல்லாம் பக்கத்து வீட்டு நாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. இது ஆபரேஷன் அன்று காலையில்தான் எனக்குத் தெரிந்தது.

தியேட்டர் வாசலில் தள்ளுக்கட்டிலில் படுத்திருந்தாள். அங்கே அவள் அண்ணி இல்லை, என் நோயாளி. கேட்கவில்லை, ஒருக்களித்துத் திருப்பி, வால் எலும்பின் மேல் என் புறங்கையை வைத்தேன். புத்தகத்தில் தோல் சிவந்திருக்கிறதா பார் என்று போட்டிருக்கும். எழுதினவன் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியிருக்கிறான். எங்கள் நிறத்தில் சிவப்பு தெரியாது. தொட்டுத்தான் பார்க்க வேண்டும், சுற்றிலும் இருக்கிறதைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று. சூடாக இருந்தது. உள்ளங்கை அளவுக்குக் கெட்டியாகவும் இருந்தது. இன்னும் மேஜையில் ஏற்றவே இல்லை, அதற்குள்.

"எங்க படுத்தீங்க?" என்று கேட்டேன்.

போர்வையை இழுத்து முதுகை மூடிக்கொண்டாள்.

"அண்ணி, எங்க படுத்தீங்க?"

"தரையில." கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஆத்தாவுக்கு நேந்துகிட்டேன். காப்பு கட்டினவங்க எப்படி இருப்பாங்களோ அப்படி. ஒரு வேளை கானா, உப்பில்லாத சோறு. மச்சம் மாமிசம் இல்ல. கட்டில் இல்ல."

எங்கள் ஊரில் தீ மிதிக்கிறவர்கள் காப்புக் கட்டிக்கொண்டு விரதம் இருப்பார்கள், கோயில் தரையில் படுப்பார்கள். கரும்பு வெட்டி உரமேறின ஆம்பிளைகள் அவர்கள், வேண்டுமானால் கூரையிலேயே படுக்கட்டும். இவள் தீ மிதிக்கவில்லை. இவள் செய்தது, ரத்தமில்லாத எலும்புக்கூட்டை எங்கள் வீட்டு சிமெண்டுத் தரையில் துணிகூட விரிக்காமல் கிடத்தியது.

"ஆத்தா ஒங்க முதுகெலும்பை வச்சுகிட்டு என்ன பண்ணப் போறா?" என்றேன். "ஒங்க தம்பிக்கு இது தெரியுமா?"

"தெரியும். ஒன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

தெரியுமாம். இடுப்புக்கு ஸ்பாஞ்சு தைத்துக்கொடுத்த மனிதர், அந்த இடுப்பு தன் வீட்டிலேயே சிமெண்டில் கிடப்பதைத் தினமும் தாண்டிப் போயிருக்கிறார். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். போய் என்ன சொன்னேன் என்பதைத் தமிழில்கூட எழுத முடியாது.

ஆபரேஷனைத் தள்ளிவைக்கலாம் என்றால் வழியில்லை. டாக்டருக்கு அதுதான் கடைசி வாரம். குஜராத்திக்காரர், அருமையான கை, பிரிஸ்பேன் போகிறார். அவருக்கு அப்புறம் இந்த ஆபரேஷனைச் செய்ய எங்கள் பக்கத்தில் ஆளே இல்லை. அவரிடம் ஒரே ஒரு குறை, நிதானம். மற்றவர்கள் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிற நேரத்தில் இவர் இன்னும் ஒரு நரம்பை ஒதுக்கிக்கொண்டிருப்பார். நோயாளியின் குடலுக்கு அது நல்லது. பின்பக்கத்துக்கு அது சத்துரு.

கை கழுவிக்கொண்டிருந்தவரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். ஏற்கனவே அடிபட்ட தோல், நீங்கள் முடிக்கிறவரைக்கும் தாங்காது என்றேன்.

"என்ன செய்யச் சொல்கிறீர்கள் சிஸ்டர்? அவசரமாக வெட்டவா?"

"வேண்டாம். வழக்கம்போலவே வெட்டுங்கள். ஆனால் நீங்கள் கையுறை மாற்றும்போதும், வயிற்றைக் கழுவும்போதும், நான் இடுப்பைத் தூக்கிப் பிடிப்பேன். அப்போது திட்டக் கூடாது."

"நான் எப்போதாவது திட்டியிருக்கிறேனா?"

திட்டியதில்லைதான். பெருமூச்சு விடுவார், அது திட்டுவதைவிட மோசம். சரி என்று தலையாட்டினார்.

அண்ணியை மேஜைக்கு மாற்றினோம். தூக்கியவன் எங்கள் தியேட்டர் உதவியாள், ஃபிஜியன், ரக்பி ஆடின உடம்பு. மேற்குப் பக்கத்து ஃபிஜியர்கள் பலரைப் போல என்னைவிட நன்றாக ஹிந்தி பேசுவான். இழுத்து மாற்றினால் தோல் உரசும், தூக்கித்தான் வைக்க வேண்டும். பூவைப் போல வைத்தான். பக்கத்து வார்டு நர்ஸ் பெண் ஆசையோடு போர்வைகளை மடித்து மடித்து அடியில் சொருக வந்தாள். எல்லாவற்றையும் உருவிப் போட்டேன். அடுக்கி வைத்தால் மெத்தை ஆகாது, கட்டை ஆகும். ஒரே ஒரு விரிப்பு, சுருக்கமில்லாமல். கையுறையில் தண்ணீர் ஊற்றிக் குதிகாலுக்கு வைப்பது ஒரு காலத்தில் எல்லோரும் செய்ததுதான், அதையும் நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். கெண்டைக்காலுக்கு அடியில் சோபா ஸ்பாஞ்சு போனது. முழங்கால் கொஞ்சம் மடங்கி நின்றது, குதிகால்கள் காற்றில். வயிற்றில் பூசுகிற மருந்துத் தண்ணீர் வழிந்து அடியில் தேங்காமல் இரண்டு பக்கமும் துணி வைத்து, பிறகு அந்தத் துணியை உருவி எடுத்தேன். ஈரத்தில் ஊறின தோல் சீக்கிரம் கிழியும்.

டாக்டர் உள்ளே வந்தார். கால்மாட்டைப் பார்த்தவர் நின்றுவிட்டார். கெண்டைக்கால் ஸ்பாஞ்சின் உறை அரக்கு நிறம். ஓரத்தில் பேனாவால் யாரோ குழந்தை கிறுக்கிய ஒரு மீன்.

"இது என் சோபா" என்றார்.

"ஆமாம் டாக்டர். போன வாரம் உங்கள் வீட்டம்மா கொடுத்தார். உறை நல்ல ரெக்ஸின், அதனால் அப்படியே வெட்டித் தைத்துவிட்டோம்."

"அந்த மீன் என் மகள் போட்டது."

"துடைத்துப் பார்த்தேன், போகவில்லை."

கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு வேலையை ஆரம்பித்தார்.

முதல்தரம் அவர் கையுறை மாற்றியபோது நானும் உதவியாளும் பச்சைத் துணிக்கு அடியில் இரண்டு பக்கமும் குனிந்தோம். மயக்கம் கொடுக்கிறவர் தலையை லேசாகத் தூக்கி வேறு பக்கம் திருப்பி வைத்தார். நாங்கள் இடுப்புக்கு அடியில் கையை நுழைத்து, மேலே வயிறு அசையாமல், ஒரு காகிதம் நுழைகிற அளவுக்கு எடையை வாங்கிக்கொண்டோம். ரத்தம் திரும்ப ஓடட்டும் என்று அப்படியே நின்றோம். வெளியே எந்த நிலம் யாருக்கு, யார் இருக்கலாம், யார் போகலாம் என்று ரேடியோவில் கத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே அவன் முகமும் என் முகமும் பச்சைத் துணிக்கு அடியில் ஒரு சாண் தூரத்தில். அந்த வருஷம் அந்த நாட்டில் இரண்டு இனமும் சேர்ந்து ஒழுங்காகத் தாங்கிப் பிடித்தது என் அண்ணியின் பின்பக்கத்தை மட்டும்தான் என்று அவனிடம் சொன்னேன்.

சத்தம் வராமல் சிரித்தான். சிரிப்பில் மேஜை ஆடியது.

"சிஸ்டர்" என்று மேலே இருந்து டாக்டரின் பெருமூச்சு வந்தது.

"செங்கா நா லெங்கா, டாக்டர்" என்றான் இவன். ஒன்றும் கவலையில்லை என்று அர்த்தம்.

அவர் கழுவும்போதெல்லாம் தூக்கினோம். நடுவில் சின்ன டாக்டர் களைத்துப்போய் முழங்கையை அண்ணியின் கால் மேல் ஊன்றினார். முறைத்தேன், எடுத்துவிட்டார். யாரோ கத்தரிக்கோலை அவள் முழங்கால் எலும்பு மேல் வைத்தார்கள். அதையும் எடுத்தேன். ஆபரேஷன் வழக்கம்போல நீண்டது. டாக்டர் போகப் போகத் தானாகவே, "தூக்க வேண்டுமா?" என்று கேட்க ஆரம்பித்தார். கட்டி முழுசாக வந்துவிட்டது என்று அவர் சொன்னபோது எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். நான் விடவில்லை. என் பரீட்சையின் முடிவு அன்றைக்கு வராது.

மறுநாள் அந்த இடம் அப்படியே இருந்தது. அதற்கடுத்த நாள் ஒரு பக்கம் கறுத்தது. பயந்தேன். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என்னைத் தொட விடாத ஒருத்திக்காக ஏன் இப்படி அழுகிறோம் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. வெறுத்துக்கொண்டே ஒருத்தி பிழைக்க வேண்டும் என்று இத்தனை ஆசைப்பட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

வார்டில் பாதி நர்ஸ்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். டியூட்டி முடிந்ததும் நானே போய் அவளைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகுக்கு ஸ்பாஞ்சு கொடுத்து, புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன்.

"வேற ஆளே இல்லியா?" என்பாள் சுவரைப் பார்த்து.

"இல்ல. எல்லாரும் பிளேன் ஏறிட்டாங்க. மிச்சம் இருக்கறது இந்தக் கைதான்."

முட்டையைக் கொண்டுபோனேன். ஆத்தாவுக்கு ஆபரேஷன் வரைக்கும்தானே நேர்ந்துகொண்டீர்கள், இப்போது அவளுக்கும் ஆட்சேபணை இல்லை என்றேன். யோசித்துப் பார்த்து, மேஜையைக் காட்டினாள். வைத்தேன். எடுத்துத் தின்றாள். நின்று, கடைசி வாய்வரை பார்த்துவிட்டுத்தான் போனேன். இந்தத் தடவை நாய்க்கு ஏமாற்றம்.

கறுப்பு பரவவில்லை. மெல்ல மெல்லச் சூடு அடங்கியது. கெட்டி இளகியது. மேல்தோல் காய்ந்த வெங்காயச் சருகு மாதிரி உரிந்தது, அடியில் புதுத் தோல் முழுசாக இருந்தது. அதைப் பார்த்த அன்று வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரோடு திரும்பப் பேச ஆரம்பித்தேன். அவர் அதுவரை தானே சமைத்துத் தானே தின்றுகொண்டிருந்தார். டாக்டர் அதற்குள் பிரிஸ்பேன் போய்விட்டார். போகும் முன் தியேட்டருக்கு வந்து அந்த மீனை ஒருதரம் பார்த்துவிட்டுப் போனார் என்று உதவியாள் சொன்னான்.

அண்ணி சிட்னி போய் மருந்து ஏற்றிக்கொண்டாள், பேரப்பிள்ளைகளைத் திட்டி வளர்த்தாள், பல வருஷம் இருந்தாள். அதெல்லாம் அவள் மகனுக்குத் தெரிந்த கதை. எனக்குத் தெரிந்தது நாடி விமான நிலையம் வரைக்கும்தான்.

அன்றைக்கு அங்கே நிற்க இடமில்லை. ஒவ்வொரு குடும்பமாக அழுதுகொண்டிருந்தது. ஊறுகாய் டின்னும் கருவாட்டுப் பொட்டலமுமாகப் பெட்டிகள் பிதுங்கின. சக்கர நாற்காலி வேண்டாம் என்று அண்ணி சண்டை போட்டு ஜெயித்திருந்தாள். பிளேனில் அப்படியே உட்கார்ந்திருக்கக் கூடாது, அடிக்கடி கைப்பிடியை ஊன்றிப் பின்பக்கத்தைத் தூக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்தேன். எல்லோர் முன்னாலும் பெஞ்சில் உட்கார்ந்து செய்து காட்டச் சொன்னேன். செய்தாள். பக்கத்தில் அழுதுகொண்டிருந்த ஒரு குடும்பம் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

உள்ளே போகச் சொல்லிக் கூப்பிட்டார்கள். தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் பிள்ளைகளின் தலையைத் தடவினாள். என்னிடம் வந்து நின்றாள். நான் வழக்கப்படி கையைக் கட்டிக்கொண்டு, பத்திரமா போய்ட்டு வாங்க அண்ணி என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

அவள் திரும்பி எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். முந்தானையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஒருதரம் தொட்டுப் பாரு" என்றாள்.

அத்தனை ஜனங்களுக்கு நடுவில், புடவைக் கட்டுக்கு உள்ளே பின்பக்கமாகக் கையை விட்டு, அந்த இடத்தில் புறங்கையை வைத்தேன். சுற்றிலும் எவ்வளவு சூடோ அவ்வளவுதான் அங்கேயும் இருந்தது. மெத்தென்று இருந்தது.

"நல்லா இருக்கு அண்ணி" என்றேன்.

சொன்னபிறகும் கையை எடுக்கத் தோன்றவில்லை. அவளும் எடுக்கச் சொல்லவில்லை. மறுபடி பேர் சொல்லிக் கூப்பிடுகிறவரைக்கும் இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.